இடைவேளையில் வந்த செய்தி

கிழக்கு லண்டனில் ஒரு கல்லூரியில் பதினான்கு வருடங்கள் உதைபந்தாட்டமும் கூடைப்பந்தும் பழக்கினேன். உதைபந்து யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூட அணியில் ஆடிய காலத்திலேயே கூட வந்தது. கூடைப்பந்து அப்படியல்ல. ஊரை விட்டு ஜெர்மனி போய், அங்கிருந்து லண்டன் வந்து, அதே கல்லூரியின் உள்ளரங்கைக் கூட்டித் துடைக்கும் வேலையில் இருந்துகொண்டு மாலையில் பயிற்றுநர் சான்றிதழுக்குப் படித்தேன். உதைபந்துக்கு என்னை எடுத்தவர்கள், கூடைப்பந்து பழக்கியவர் திடீரென்று விலகியதும் அதையும் என் தலையில் கட்டினார்கள். அதன் விதிகளை பஸ்ஸில் போகும்போது படித்துத்தான் தெரிந்துகொண்டேன்.

2009 ஏப்ரலில் எங்கள் உதைபந்து அணி அரையிறுதிக்கு வந்தது. என் ஒப்பந்தம் அந்தக் கோடையோடு முடிய இருந்தது. நீட்டுவார்களா என்று யாரும் சொல்லவில்லை.

அணித்தலைவன் ஈஸ்ட் ஹாமில் இருந்த தமிழ்ப் பையன், பதினெட்டு வயது. இரண்டு அணிகளிலும் அவனை நம்பித்தான் நான் இருந்தேன். அவனுடைய அக்கா கணவனோடு போர் நடந்த வன்னியில் அகப்பட்டிருந்தாள். அந்த நாட்களில் அவன் போரை நிறுத்தச் சொல்லி லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால் நின்று கத்திவிட்டு, அடைத்த குரலோடு பயிற்சிக்கு வருவான். நான் எதுவும் கேட்பதில்லை. எனக்கும் அங்கே ஆட்கள் இருந்தார்கள். பேச ஆரம்பித்தால் இரண்டு பேருக்குமே பந்தில் மனம் நிற்காது என்று நினைத்தேன்.

அரையிறுதியில் இடைவேளை விட்டபோது ஆளுக்கொரு கோல். அப்போது அவனுடைய தகப்பனிடமிருந்து எனக்கு அழைப்பு வந்தது. அவர் பஸ் ஓட்டுநர். அன்று ஊரின் மறுகோடியில், மிச்சம் என்ற இடத்தில் ஷிப்ட். மகனின் போன் உடுப்பு மாற்றும் அறையில் இருந்ததால் என்னை அழைத்திருந்தார்.

"மகள் போயிட்டா, மாஸ்டர். ஷெல் விழுந்ததாம்," என்றார். வவுனியாவில் இருந்த உறவினர் ஒருவர் வீட்டுக்கு போன் எடுத்துச் சொல்லியிருக்கிறார். அதை எடுத்தது பையனின் தாய். "நான் போய்ச் சேர ஒண்டரை மணித்தியாலம் செல்லும். அவனை உடன வீட்டை அனுப்பிவிடுங்கோ. தாய் தனிய இருக்கிறா."

"ஓம் அண்ணை, இப்பவே அனுப்புறன்," என்றேன்.

மைதானத்திலிருந்து அவர்கள் வீடு பஸ்ஸில் கால்மணி நேரம்கூட இல்லை. நான் அவனிடம் நடந்து போனேன். புல்லில் உட்கார்ந்து தோடம்பழத் துண்டு ஒன்றைச் சப்பிக்கொண்டிருந்தான். நிமிர்ந்து பார்த்து, இடது பக்கம் ஆள் காலியாக விடுகிறார்கள், அங்கே போகட்டுமா என்று கேட்டான். போ என்றேன். நடுவர் விசில் ஊதினார். அவன் எழுந்து ஓடிவிட்டான்.

செத்தவள் செத்துவிட்டாள், முக்கால் மணி நேரத்தில் என்ன மாறப்போகிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அவன் இல்லாமல் வெல்ல முடியாது என்பதும் எனக்குத் தெரியும். எது முதலில் மனதில் வந்தது என்று பிறகு பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டாவதுதான் முதலில் வந்தது.

கடைசி நிமிடங்களில் இடது பக்கத்திலிருந்து அவன் கொடுத்த பந்தில் கோல் விழுந்தது. பையன்கள் அவனைத் தூக்கினார்கள். இறங்கியதும் அவனைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னேன். அவன் அழவில்லை.

"எப்ப போன் வந்தது, சேர்?"

இப்போதுதான் என்று சொல்லியிருக்கலாம். வாய் வரவில்லை. "ஹாஃப் டைமில," என்றேன்.

 சப்பாத்துகூட மாற்றாமல் கேட்டைத் தாண்டி ஓடினான். சப்பாத்தின் அடியில் இருந்த கட்டைகள் தார் ரோட்டில் தட்டும் சத்தம் கேட்டது.

மூன்றாம் நாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். உடல் இல்லாத செத்தவீடு. படத்துக்கு மாலை போட்டிருந்தார்கள். தகப்பன் எழுந்து உள்ளே போய்விட்டார். தாய்க்கு முன்னால் நிலத்தில் உட்கார்ந்து நடந்ததைச் சொன்னேன். மன்னிப்புக் கேட்டேன்.

 அந்த அம்மா, "அண்டைக்கு நான் அழயில்லை, தம்பி. வீட்டில ஒருத்தரும் இல்லை. ஆரிட்டச் சொல்லி அழுறது? அடுப்பை அணைச்சுப்போட்டு வாசலைப் பாத்துக்கொண்டிருந்தனான்," என்றார். ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன்.

இறுதிப் போட்டிக்கு அவன் வரவில்லை, தோற்றோம். ஆனாலும் அரையிறுதி வெற்றியைக் குறிப்பிட்டுப் பாராட்டி என் ஒப்பந்தத்தை நீட்டிக் கடிதம் வந்தது. இரண்டு நாள் வைத்திருந்துவிட்டுக் கையெழுத்துப் போட்டேன். எனக்கு வேலை வேண்டியிருந்தது.

அவன் ஜூனில் பரீட்சை எழுதி முடித்தான். கடைசி நாளன்று கூடைப்பந்து அரங்கின் கதவைத் திறந்து எட்டிப் பார்த்தான். நான் பந்துகளைக் கூட்டில் போட்டுக்கொண்டிருந்தேன்.

"போயிட்டு வாறன், சேர்."

"அம்மா எப்பிடி?"

"இருக்கிறா," என்றான். கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனான்.