மொட்டைக் கடிதங்களுக்கு ஒரு முகவரி

பல் தேய்க்கும்போதே அன்றைய வசவுகளைக் கேட்டு முடித்துவிடுவது அவருடைய வழக்கம். குளியலறைக் கதவைத் திறந்துபோட்டு, வாயில் நுரையோடு நிற்பார். வெளியே நாற்காலியில் மனைவி போனைக் கை நீளத்துக்குத் தள்ளிப் பிடித்துக்கொண்டு, முந்தைய நாள் அவருடைய இணையதளத்துக்கு வந்ததையெல்லாம் ஒவ்வொன்றாக வாசிப்பார். கெட்ட வார்த்தை வரும் இடங்களில் மட்டும் "புள்ளி" என்று சொல்லித் தாண்டிவிடுவார். "நீ ஒரு புள்ளி, உங்கப்பன் ஒரு புள்ளி, லிஃப்டைப் பத்தி உனக்கு என்னடா புள்ளி தெரியும்?" என்று நிதானமாக, மளிகைச் சீட்டு படிக்கிற குரலில் வாசிப்பார். குளியலறையிலிருந்து அவர் ஒரு விரலைக் காட்டினால் அழிக்க வேண்டும், இரண்டு விரலைக் காட்டினால் வைக்க வேண்டும். வசவுக்கு ஒரு விரல். செருப்பு விளம்பரத்துக்கும், மூன்றே நாளில் முடி வளரும் எண்ணெய்க்கும் ஒரு விரல். "ஐந்தாவது மாடியில் லிஃப்ட் நாலு விரற்கடை இறங்கி நிற்கிறது" என்று ஏதாவது வந்தால், பிரஷ்ஷை வாயிலிருந்து எடுத்துவிட்டு இரண்டு விரல்.

தொழில் லிஃப்ட் மெக்கானிக். வயது ஐம்பத்தெட்டு. வாட்ச்மேன்கள் வைத்திருக்கும் பெயர் 'மொட்டைமாடி'. எந்தக் கட்டடத்துக்குக் கூப்பிட்டாலும் லிஃப்டைத் திரும்பிக்கூடப் பார்க்காமல் படியேறி, மொட்டைமாடியில் இருக்கும் மோட்டார் அறைக்குப் போய்விடுவார் என்பதால் வந்த பெயர். தலையும் அதற்கு ஒத்துழைக்கிறது.

லிஃப்ட் பொத்தானை இரண்டு முறை அழுத்துகிறவர்களை அவருக்குப் பிடிக்காது. "அதுக்குக் காது கேக்கும்க" என்பார். முன்பின் தெரியாத லிஃப்டில் ஏறும்போது உள்ளே போய் உள்ளங்கையைச் சுவரில் வைத்துக் கண்ணை மூடிக்கொள்வார். கூட வருகிறவர்கள் சாமி கும்பிடுகிறார் என்று நினைத்துத் தாங்களும் கொஞ்சம் கலவரப்படுவார்கள். எதைச் சொன்னாலும் அவர் திருப்பிக் கேட்பது ஒன்றுதான்: "போய்ப் பாத்தியா?" கத்திரிக்காய் விலை இறங்கிவிட்டது என்றாலும், பக்கத்து வீட்டில் மாமியார் மருமகள் சண்டை என்றாலும் அதே கேள்வி. மனைவிக்கு முப்பத்தைந்து வருடமாக இந்தக் கேள்விமேல் கோபம். "பாக்காமலா சொல்றேன்?" என்பார். பாதி நேரம் பார்க்காமல்தான் சொல்லியிருப்பார்.

இணையதளத்தை அவர் 'பலகை' என்கிறார். ஊரில் உள்ள கட்டடங்களின் பட்டியல் அது. எந்தக் கட்டடத்து லிஃப்டில் என்ன கோளாறு என்று யார் வேண்டுமானாலும் எழுதலாம். நான்கு வருடம் முன்பு, கம்ப்யூட்டர் வேலை பார்க்கும் மகளை நச்சரித்து உண்டாக்கியது. குடியிருப்பவர்கள் எழுதுகிறார்கள், துப்புரவுப் பெண்கள் எழுதுகிறார்கள். ஆனால் அவர் காத்திருப்பது இவர்களுக்காக அல்ல. பெரிய பராமரிப்பு கம்பெனிகளில் வேலை பார்க்கும் மெக்கானிக்குகள் எழுதுவார்கள், அதற்காக. எந்த லிஃப்டின் பிரேக் தேய்ந்திருக்கிறது, எதை மாற்றாமலே மாற்றியதாகக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள் என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். தெரிந்ததை வெளியே சொன்னால் மறுநாள் வேலை இருக்காது. அதனால் அவர்கள் ப்ராக்ஸி வழியாக வருவார்கள். அதாவது, எந்த வீட்டிலிருந்து, எந்தப் போனிலிருந்து வருகிறோம் என்ற தடயத்தை மறைத்து, வேறெங்கோ இருக்கும் ஒரு கம்ப்யூட்டரைச் சுற்றிக்கொண்டு உள்ளே நுழைவார்கள். வீட்டில் இதற்குப் பெயர் 'முக்காடு'.

முக்காடு போடாமல் எழுதிய அனுபவம் அவருக்கே உண்டு. அப்படி ஒரு கம்பெனியில் இருபத்திரண்டு வருடம் இருந்தவர் அவர். ஒருநாள் லிஃப்ட் பராமரிப்புப் பதிவேட்டில் 'கயிற்றில் இழை விட்டிருக்கிறது, ஓட்டக்கூடாது' என்று எழுதிக் கீழே கையெழுத்தும் போட்டார். அடுத்த வாரம் அந்தப் பக்கம் பதிவேட்டில் இல்லை. அடுத்த மாதம் அவரும் கம்பெனியில் இல்லை. இதைச் சொல்லும்போது அவர் சிரிப்பார். சிரிப்பில் ஆத்திரம் ஒரு சொட்டும் குறைந்திருக்காது.

முக்காட்டுக்காரர்களை மொத்தமாகத் தடுத்துவிட வேண்டும் என்பது மகளின் கட்சி. வருகிற குப்பையில் பத்துக்கு ஒன்பது அந்த வழியாகத்தான் வருகிறது என்று கணக்குக் காட்டினாள். ஒரு சொடுக்கில் நிறுத்திவிடலாம், அம்மா காலையில் உட்கார்ந்து புள்ளி வைக்க வேண்டியதில்லை என்றாள். அவர் மறுக்கவில்லை.

"பத்துல ஒம்பது பேர் போக்கிரிதான். ஒத்துக்கறேன். அந்தப் பத்தாவது ஆளுக்குத்தான் பாப்பா நான் கடை திறந்து வச்சிருக்கேன்."

பாப்பாவுக்கு முப்பத்து நான்கு வயது. அவள் விடுகிற ஆள் இல்லை. ஆனாலும் கடை திறந்தே இருந்தது, ஏழு மாடிக் கட்டடத்து விவகாரம் வரும்வரை.

அந்தக் கட்டடத்து லிஃப்டில் கயிறு அறுந்துபோகும் நிலையில் இருப்பதாக ஒரு முக்காடு எழுதியது. மனைவி வாசித்தார், இவர் இரண்டு விரலைக் காட்டினார், பலகையில் ஏறிவிட்டது. ஏழாவது மாடியில் தனியாக இருந்த ஓய்வுபெற்ற தபால்காரர் அதைப் பார்த்துப் பயந்துபோய் மூன்று நாள் படியிலேயே ஏறி இறங்கினார். மூன்றாம் நாள் ஐந்தாவது மாடிப் படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கயிறு என்னவோ புத்தம்புதுசு. அந்தக் கட்டடத்துப் பராமரிப்பு வேலையைத் தட்டிப் பறிக்க நினைத்த வேறொரு கம்பெனி ஆள் எழுதிவிட்ட பொய் அது என்று பிறகு தெரிந்தது.

"உங்க பத்தாவது ஆளுக்காக அந்தப் பெரியவர் படியேறினாரேப்பா. அதுக்கு யார் பதில் சொல்றது?" என்று மகள் கேட்டாள்.

அவர் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பினார். ஆஸ்பத்திரிக்குப் போய்க் கட்டில் ஓரமாக நின்றார். தான்தான் பலகைக்காரன் என்று சொல்லி மன்னிப்புக் கேட்டார். தபால்காரர் கோபப்படவில்லை. மூக்கில் குழாயோடு, புரியாமல்தான் கேட்டார்: "நீங்க போய்ப் பாத்தீங்களா?"

வாழ்நாளெல்லாம் ஊரைக் கேட்ட கேள்வி. அதைத் தன்னிடம் ஒருவர் கேட்டது அன்றுதான். வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "சாத்திடு பாப்பா" என்றார். அவளும் சாத்திவிட்டாள்.

பத்தொன்பது நாள் பலகை துடைத்து வைத்தாற்போல் இருந்தது. வசவு இல்லை, எண்ணெய் இல்லை. மனைவி ஐந்து நிமிடத்தில் வாசித்து முடித்துவிட்டு, "இப்பத்தான் வீடு மாதிரி இருக்கு" என்றார். இவர் வாய் கொப்பளித்துவிட்டுப் போவார். இரண்டு விரல் காட்டும்படி எதுவுமே வரவில்லை என்பது அவருக்கு உறுத்தியது. ஆனால் தப்பு செய்தவன் வாயைத் திறக்கலாமா என்று இருந்துவிட்டார்.

இருபதாம் நாள், மருத்துவப் பரிசோதனைக் கூடங்கள் இருக்கும் ஒரு கட்டடத்தில், மூன்றாவது மாடியில் லிஃப்ட் கதவு திறந்தது. லிஃப்ட் அங்கே இல்லை. கையில் வாளியோடு பின்பக்கமாக நடந்து வந்த துப்புரவுப் பெண் உள்ளே கால் வைத்துவிட்டாள். உயிர் பிழைத்தது. இடுப்பெலும்பு பிழைக்கவில்லை.

தடுத்து நிறுத்தப்பட்டவர்களின் பட்டியல் ஒன்று மகளுடைய கம்ப்யூட்டரில் தானாகவே சேர்ந்துகொண்டிருந்தது. எந்தப் பக்கத்தைத் திறக்க வந்தார்கள் என்பதும் அதில் பதிவாகியிருக்கும். அவளாகவேதான் அதைத் திறந்து பார்த்தாள். பார்த்துவிட்டு அப்பாவைக் கூப்பிட்டாள். அந்தக் கட்டடத்தின் பெயரில் புகார் எழுத ஒரு முக்காடு ஆறு முறை வந்திருந்தது. முதல் முறை வந்தது விபத்துக்கு எட்டு நாள் முன்பு. கடைசி முறை விபத்துக்கு முந்தின நாள்.

அவளே தடையை எடுத்தாள். மறுநாள் காலை மனைவி வாசித்ததில் புள்ளி எதுவும் இல்லை. "ஆறு தடவை வந்தேன். சாத்தியிருந்தது." அவ்வளவுதான் எழுதியிருந்தது. அவர் எந்த விரலையும் காட்டவில்லை. அன்று வேலைக்கும் போகவில்லை.

அதற்குப் பிறகு பலகைக்கு ஒரே ஒரு சட்டம். முக்காடு போட்டவர் எழுதினாலும் சரி, முகவரியோடு எழுதினாலும் சரி, இவர் நேரில் பார்க்காமல் எதுவும் ஏறாது. ஏற்கெனவே ஏறியிருந்தவற்றையும் ஒவ்வொன்றாகப் போய்ப் பார்த்து, பொய்யானவற்றை எடுத்துவிட்டார். "பேர் போட்டு எழுதினாலும் நான் படியேறித்தான் பாக்கணும், போடாம எழுதினாலும் படியேறித்தான் பாக்கணும். அப்புறம் அந்தப் பேரு எனக்கு எதுக்கு?" என்பார். பையில் ஆறு அங்குல ஸ்கேல் ஒன்றும் டார்ச் ஒன்றும் இருக்கும். லிஃப்ட் நிற்கும் இடத்துக்கும் தரைக்கும் உள்ள வித்தியாசத்தைக் குனிந்து அளப்பார். கதவு இடுக்கில் கை விட்டு இழுத்துப் பார்ப்பார். வாட்ச்மேன்கள் தெரிந்தவர்கள், மாடிச் சாவி தருவார்கள். தராத இடத்தில் பலகையில் 'பார்க்க விடவில்லை' என்று எழுதிவிடுவார். கட்டடக்காரர்களுக்கு எல்லாவற்றையும்விட வயிற்றெரிச்சல் இந்த இரண்டு வார்த்தைமேல்தான்.

அந்த எரிச்சல் முற்றித்தான் கட்டட உரிமையாளர் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. பெயர் தெரியாதவர்களைப் பலகையில் அனுமதிப்பதை இந்த மாதத்தோடு நிறுத்த வேண்டும். இல்லையென்றால் சங்கத்தைச் சேர்ந்த கட்டடங்களில் இவருக்கு இனி வேலை இல்லை. அவர் கையில் இருப்பது பதினான்கு கட்டடம். அதில் பதினொன்று சங்கத்தைச் சேர்ந்தவை.

மனைவி கடிதத்தை இரண்டு முறை படித்தார். "மூணு கட்டடத்தை வச்சுக்கிட்டு நாம என்னங்க பண்றது?" என்றார். இவருக்கும் பயம்தான். ஐம்பத்தெட்டு வயதில் இன்னொரு முறை தெருவில் நிற்பது எப்படி இருக்கும் என்று யோசிக்காமல் இல்லை. சோற்றைப் பிசைந்துகொண்டே, "போய்ப் பேசிட்டு வர்றேன்" என்றார். மகளும் அரை நாள் விடுப்புப் போட்டுவிட்டுக் கூடப் போனாள்.

சங்கக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் நீள மேசை. ஒன்பது பேர் உட்கார்ந்திருந்தார்கள். செயலாளர் மரியாதையான மனிதர். இவருக்கும் மகளுக்கும் நாற்காலி போடச் சொன்னார், தண்ணீர் கொடுக்கச் சொன்னார். பலகையில் இருந்த முக்காட்டுப் புகார்களையெல்லாம் அச்செடுத்து அடுக்கி வைத்திருந்தார். மொத்தம் நாற்பத்தொன்று. ஒவ்வொரு தாளிலும் 'எழுதியவர்' என்ற இடம் காலியாக இருந்தது. தபால்காரர் கதையும் அவருக்குத் தெரிந்திருந்தது. அதை எடுத்துச் சொன்னபோது இவர் தலை குனிந்துதான் இருந்தார்.

"குடியிருக்கறவங்க உயிர் மேல எங்களுக்கும் அக்கறை இருக்கு. ஆனா இதெல்லாம் மொட்டைக் கடுதாசி. நாளைக்கே ஒண்ணு பொய்யின்னு ஆச்சுன்னா நாங்க யார் வீட்டுக் கதவைத் தட்டறது?" என்றார் செயலாளர். "ஒரு பேரு, ஒரு முகவரி. அதுகூடவா கேக்கக் கூடாது?"

இவர் மேலே இருந்த தாளை எடுத்து, காலியாக இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார்.

"நியாயம்தாங்க" என்றார்.

ஒன்பது பேரும் நிம்மதியாகச் சாய்ந்து உட்கார்ந்தார்கள். ஒருவர் ஒப்புக்கொள்ளும் பத்திரத்தை அவர் பக்கம் நகர்த்தினார், கூடவே ஒரு பேனாவையும். அவர் பேனாவை மட்டும் எடுத்துக்கொண்டார். தாள் அடுக்கைத் தன் பக்கம் இழுத்து, முதல் தாளில் 'எழுதியவர்' என்ற இடத்தில் தன் பெயரை எழுதினார். கீழே வீட்டு எண், தெரு, போன் நம்பர். அவர் எழுத்து பெரிது, மெதுவானது. முதல் தாள் முடிய ஒரு நிமிடம் ஆனது.

"இது நீங்க எழுதினது இல்லையே" என்றார் செயலாளர்.

"பாத்தது நான்."

இரண்டாவது தாளை மகள் எடுத்து அவர் முன்னால் வைத்தாள். மூன்றாவதையும் அவளே வைத்தாள். மின்விசிறிக் காற்றில் பறக்காமல் முடிந்த தாள்களை ஒரு கையால் அழுத்திக்கொண்டாள். பத்தாவது தாளின்போது ஒருவர் கடிகாரத்தைப் பார்த்தார். இருபதாவதுக்கு அப்புறம் இரண்டு பேர் எழுந்து வெளியே போனார்கள். செயலாளரின் சொந்தக் கட்டடத்தைப் பற்றிய தாள் முப்பத்து மூன்றாவதாக வந்தது. அதிலும் எழுதினார், கொஞ்சம் அழுத்தமாக. கை வலித்தபோது உதறிவிட்டுக்கொண்டார்.

நாற்பத்தொன்றாவது தாளில் போன் நம்பரின் கடைசி எண்ணை எழுதி முடித்தார். அடுக்கை மேசையில் தட்டி ஓரம் சேர்த்துச் செயலாளர் பக்கம் தள்ளினார். பேனாவைத் திருப்பித் தரவில்லை. இடது கையை நீட்டி, "இன்னும் இருக்கா?" என்று கேட்டார்.