படத்துக்கு அடியில் எழுதியவர்

என் கொழுந்தன் பல்கலைக்கழகத்தில் பார்த்த வேலையைச் சொன்னால் யாரும் நம்புவதில்லை. நான் அளந்துவிடுகிற கதைகளை நம்புகிறார்கள். இணையதளத்தில் வருகிற ஒவ்வொரு படத்துக்கும், அது என்ன படம் என்று, மற்றவர்கள் பார்வைக்குத் தெரியாமல் இரண்டு வரி எழுதிவைப்பார். பார்வையற்றவர்களின் கணினி பக்கத்தை உரக்க வாசிக்கும்போது அந்த வரிகளையும் சேர்த்து வாசிக்கும்.

அவர் மனைவிக்குப் பிறவியிலேயே பார்வை இல்லை. அதே பல்கலைக்கழகத்தில் முப்பது வருடம் டெலிபோன் ஆபரேட்டர். ஓய்வுபெற்ற பிறகு, மாலையில் டீயோடு உட்கார்ந்து அந்தப் பக்கங்களைக் கேட்பாள். மனுஷன் சும்மா இருப்பாரா? ‘துணைவேந்தர் பட்டம் வழங்குகிறார். முகத்தைப் பார்த்தால் புதுச் செருப்பு கடிக்கிறது போலிருக்கிறது’ என்று எழுதிவைத்தார்.

“ஏங்க, உங்க வேலைக்கு நீங்களே உலை வைக்கிறீங்க!” என்று சிரிப்பாள். அவள் சிரித்தால் தெருமுனையில் நிற்கிற சைக்கிள்கள் தானாக மணியடிக்கும். என் காதால் கேட்டிருக்கிறேன்.

மழைக்காலத்தில், நாலே நாள் காய்ச்சலில் போய்விட்டாள். அதன் பிறகும் மாலையானால் கணினியை வாசிக்கவிட்டு, எதிரே காலி நாற்காலியைப் பார்த்தபடி உட்கார்ந்திருப்பார்.

ஒரு நாள் அவர் அலுவலகத்துக்கு வெள்ளைக்கோலோடு ஒரு மாணவி வந்தாள்.

“சார், பரீட்சை ஹால் வரைபடத்துக்கு ‘உள்ளே போகிறவர் சிங்கம், வெளியே வருகிறவர் பூனை’ன்னு எழுதியிருக்கீங்க. நல்லாத்தான் இருக்கு. வாசல் எந்தப் பக்கம்னு மட்டும் இல்ல. அரைமணி நேரம் சுத்தினேன். பாதிதான் எழுத முடிஞ்சுது.”

“என்னை மன்னிச்சிரும்மா” என்றார்.

யாரும் சொல்லாமலே நானூறு படங்களையும் திருத்த உட்கார்ந்தார். துணைக்கு நான். ஒவ்வொன்றையும் ஒருமுறை வாசிக்கவிட்டுக் கேட்பார், பிறகு அழிப்பார். ‘வாசல் கிழக்கே. மூன்று படிகள். வலப்புறம் கைப்பிடி’ என்று எழுதுவார். துணைவேந்தரின் செருப்பும் போயிற்று.

கடைசியாக, வரலாற்றுப் பக்கத்தில் பழைய டெலிபோன் அறை. காதில் கருவி மாட்டிக்கொண்டு சிரிக்கிறாள் அவள். ‘இந்த வளாகத்தில் பார்க்கத் தகுந்தது இது ஒன்றுதான்’ என்று வாசித்தது கணினி.

“அண்ணி, இது சும்மா அழகுக்குப் போட்ட படம். இதுக்கு எதுவும் எழுதக் கூடாது. காலியா விட்டா, வாசிக்கிற குரல் தாண்டிப் போயிடும். அதான் விதி.”

“விதியாவது மண்ணாவது! ஒண்ணே ஒண்ணு இருந்துட்டுப் போகட்டுமே தம்பி.”

“அப்படி ஒண்ணு ஒண்ணா விட்டுத்தானே அந்தப் பொண்ணுக்கு வாசல் கிடைக்கல?”

அழித்தார். பக்கத்தை மறுபடி முதலிலிருந்து வாசிக்கவிட்டார். கட்டடம் எழுந்த வருடத்தைச் சொல்லிற்று. டெலிபோன் அறை வந்த வருடத்தைச் சொல்லிற்று. அவள் சிரித்துக்கொண்டிருந்த இடத்தில் மூச்சுவிடக்கூட நிற்காமல், குரல் அடுத்த பத்திக்குப் போயிற்று.