மேற்படி அக்காவின் முதல் விளம்பரம்

பூட்டுக் கம்பெனியின் புகார்ப் பிரிவில் பதினொரு வருஷமாகப் போன் எடுப்பவர் அக்கா. 'மேற்படி வாடிக்கையாளர், மேற்படி பூட்டு' என்று புகார்களை எழுதி எழுதி, அவருக்கே 'மேற்படி அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. நாற்பது வயதில் அவருக்கு விளம்பரம் எழுதும் ஆசை வந்தபோது ஆபீசே வாய்விட்டுச் சிரித்தது. சிரித்தவர்களில் ஒருவருக்கும் அக்காவின் பிடிவாதத்தில் கால்வாசி கிடையாது, அதையும் சொல்லித்தான் ஆக வேண்டும்.

போகவர பஸ்ஸில் போனில் பாடம் கேட்டார். சோப்பு அட்டை, தைல டப்பா, எதையும் விடாமல் அதிலிருந்த வாசகத்தை நோட்டில் எழுதி, ஏன் பிடித்தது என்று பக்கத்தில் குறித்தார். மதியச் சாப்பாட்டு நேரத்தில் மாடிப்படியில் உட்கார்ந்து எழுதுவார். போன் அடித்தால் வாயைத் துடைத்துக்கொண்டு ஓடுவார்.

அப்போதுதான் கம்பெனி ஒரு புதுப் பூட்டைக் கொண்டுவந்தது. சாவியைத் திருப்பினால் 'டக்' என்று தெருவுக்கே கேட்கும். அக்கா நேரே விளம்பரப் பிரிவு மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"வெள்ளிக்கிழமை எழுதிக் கொண்டுவாங்க. நல்லா இருந்தா இங்கேயே வந்துடலாம். இல்லைன்னா அப்புறம் இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது" என்றார் அவர்.

முதலில் எழுதியதைக் கணவரிடம் வாசித்துக் காட்டினார்: "மேற்படி பூட்டானது தங்கள் இல்லத்தைக் காக்கும் எனத் தெரிவித்துக்கொள்கிறோம்."

கணவர் பெயின்டர், மனதில் பட்டதைப் பூசி மெழுகத் தெரியாதவர். "இது விளம்பரமா, சம்மனா? கேட்டதும் கோர்ட்டுக்குக் கிளம்பணும் போல இருக்கு."

அக்காவுக்கு அழுகையே வந்துவிட்டது. பதினொரு வருஷம் கையில் ஊறியது லேசில் போகுமா?

வியாழக்கிழமை ஒரு போன். பூட்டில் கோளாறு இல்லை என்று ஒப்புக்கொண்டே ஒரு அம்மாள் புலம்பினார்: "பூட்டினேனா இல்லையான்னே தெரியலம்மா. பாதி வழி போயிட்டுத் திரும்பி வந்து இழுத்துப் பார்க்கிறேன். தினமும் இதே பாடு."

அக்காவின் பேனா வழக்கம்போல 'மேற்படி' என்று தொடங்கி, நின்றது. அதை அடித்துவிட்டு, அந்த அம்மாள் சொன்னதைச் சொன்னபடியே எழுதினார். இதையே எத்தனை பேர் சொல்லியிருப்பார்கள்! அத்தனையையும் 'மேற்படி' போட்டு மூடியது இதே கைதான்.

வெள்ளிக்கிழமை மேனேஜர் தாளை வாங்கி உரக்கப் படித்தார்:

"பூட்டினோமா? பாதி வழியில் திரும்ப வேண்டாம். 'டக்' கேட்டதா, கிளம்புங்கள்."

அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. மேனேஜரின் கை மெல்லச் சட்டைப் பைக்குப் போய்ச் சாவியைத் தடவியது.

"ஏங்க, காலைல நான் வீட்டைப் பூட்டினேனா?"

"எனக்கெப்படி சார் தெரியும்?"

மேற்படி அக்காவுக்கு மேற்படி வேலை கிடைத்துவிட்டது.