‘ஞானம்’ என்ற எழுத்துரு

ஆஷ்லின் டீச்சருக்குக் கோபமே வராது என்று பள்ளிக்கூடத்தில் சொல்வார்கள். சமயநல்லூர்க்காரர், மதுரையில் ஒரு மிஷன் பள்ளியில் கம்ப்யூட்டர் பாடம் எடுக்கிறார். விடுமுறைகளிலெல்லாம் உட்கார்ந்து, கம்ப்யூட்டரில் பயன்படுத்தும் தமிழ் எழுத்துரு ஒன்றை உருவாக்கினார். பல வருட வேலை. இறந்துபோன அப்பாவின் பெயரையே அதற்கும் வைத்தார்: ஞானம். படிக்கிற பிள்ளைகள் சும்மா எடுத்துக்கொள்ளலாம், வியாபாரத்துக்கு என்றால் அனுமதி கேட்க வேண்டும் என்று எழுதி இணையத்தில் போட்டார்.

ஒருநாள் பரவை மார்க்கெட் எதிரே, காதுகுத்து ஃபிளெக்ஸ் ஒன்றில் தன் எழுத்தைப் பார்த்தார். முதலில் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு கட்சி போஸ்டரில், நகைக்கடை விளம்பரத்தில் என்று எங்கும் அதே எழுத்து. அச்சடித்தவர்களிடம் விசாரித்தால், மதுரையில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் விருமாண்டி பென்டிரைவில் போட்டு விற்கிறார் என்றார்கள். ஒன்று வாங்கித் திறந்து பார்த்தார். எழுத்துருவின் பெயர் ‘வீரா’ என்று மாறியிருந்தது. ஃபைலுக்குள் ஆஷ்லின் பெயரும் இல்லை, அனுமதி வாசகமும் இல்லை.

நேரே அந்தக் கடைக்குப் போனார்.

“எழுத்து என்ன உங்க வீட்டுச் சொத்தா டீச்சர்? தமிழ் எல்லாத்துக்கும் பொதுதானே” என்றார் விருமாண்டி.

“தமிழ் பொதுதான். நீங்க வித்தது தமிழ் இல்ல, என் ஃபைலு.”

காவல் நிலையத்தில் புகாரை வாசித்த ஏட்டு, “எழுத்தையா திருடுனாங்க? நகை, வண்டி எதுவும் போகலையேம்மா?” என்று கேட்டார். ஆஷ்லின் எழுந்து வந்துவிட்டார். வாசலைத் தாண்டிய பிறகுதான் அழுகை வந்தது. அதுவும் ஆத்திரத்தில்.

வழக்கறிஞர் ஆர்த்திகாதான் வழி சொன்னார்.

“எழுத்தோட வடிவம் எனக்குத்தான் சொந்தம்னு வாதாடுறது கஷ்டம் டீச்சர். ஆனா எழுத்துரு ஃபைலும் ஒரு கம்ப்யூட்டர் நிரல்தான், அதுக்குப் பதிப்புரிமை உண்டுன்னு வாதாடலாம். பதிவு செய்யலேன்னாலும் எழுதுனவருக்குத்தான் உரிமை. காப்பி அடிச்சதக் காட்டணும், அம்புட்டுத்தான்.”

அது சுலபமாக இருந்தது. ஆஷ்லின் முதலில் வெளியிட்ட ஃபைலில் ‘ஞ’வுக்குப் பக்கத்தில் இடைவெளி தப்பாக விழுந்திருந்தது; பின்னால் திருத்திவிட்டார். ‘வீரா’விலும் அதே எழுத்துக்குப் பக்கத்தில் அதே தப்பு.

நோட்டீஸ் போனதும் விருமாண்டி சமாதானம் பேச வந்தார். ஆர்த்திகாவின் மேசைக்கு எதிரே உட்கார்ந்து, வருகிற லாபத்தில் பங்கு தருவதாகச் சொன்னார்.

“எங்கப்பா பேர எதுக்கு எடுத்தீங்க?” என்று மட்டும் கேட்டார் ஆஷ்லின்.

“பேரு, அனுமதின்னு இருந்தா வாங்குறவன் பயப்படுவான்ல டீச்சர்.”

தெரியாமல் செய்ததல்ல. தெரிந்து, யோசித்து, துடைத்திருக்கிறார். ஆஷ்லின் மேசையில் ஓங்கி அடித்தார். தண்ணீர் டம்ளர் கவிழ்ந்தது. “கோர்ட்டுல பாப்போம்” என்று சொல்லி எழுந்துவிட்டார்.

மாவட்ட நீதிமன்றம் விற்பனைக்குத் தடை விதித்தது. விருமாண்டி கடையில் ‘வீரா’ இப்போது கிடையாது. ஆனால் ஏற்கெனவே விற்றவை எத்தனை கம்ப்யூட்டர்களில் கிடக்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

“ஜெயிச்சிட்டயேடி, இன்னும் எதுக்கு இம்புட்டுக் கோவம்?” என்று அம்மா கேட்டார்.

“இனிமே விக்கக் கூடாதுன்னுதாம்மா சொல்லிருக்காங்க. அப்பா பேரு இல்லாமத்தான் அந்த எழுத்து ஊரெல்லாம் தொங்குது” என்று சொல்லிவிட்டு, டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பினார்.