ஒன்பதாவது லைன்

பழைய பேஸ் கிட்டார் கம்பிகளைத் தண்ணீரில் போட்டு அவித்தால் ஒரு நாற்றம் வரும். ஒரு வருடத்து விரல் வியர்வை, செத்த தோல், கடற்காற்றின் உப்பு, மேடைக்குப் பின்னால் நின்று தின்ற வடையின் எண்ணெய், எல்லாம் கரைந்து மேலே மிதக்கும். தண்ணீர் கழுவாத மீன் சட்டியின் நிறத்துக்கு வந்துவிடும். நான் இதை முதல் தடவை செய்தது என் மனைவி பால் காய்ச்சுகிற சட்டியில். அவள் சட்டியைத் தூக்கிக் கிணற்றடியில் வைத்தாள். அது பிறகு குசினிக்குள் வரவேயில்லை.

ஆனாலும் அவிக்கத்தான் வேண்டும். கல்முனையில் பேஸ் கம்பி கேட்டால் சாதாரண கிட்டார்க் கம்பியை எடுத்து நீட்டி, "எல்லாம் ஒண்டுதான், போட்டுப் பாருங்க" என்பார்கள். மீன் தூண்டிலுக்கு நூல் விற்பதைப் போல விற்பார்கள். உண்மையான கம்பி கொழும்பிலிருந்து வர வேண்டும். வருகிற வரை அவித்த கம்பிதான் கதி. பத்து நிமிடம் கொதிக்க விட்டு, பழைய பனியன் துணியால் துடைத்து, வெயிலில் நன்றாகக் காயவைத்த பிறகு பூட்ட வேண்டும். ஈரத்தோடு பூட்டினால் மறுநாள் துரு பிடித்து விரலைக் கிழிக்கும். வாசித்து முடித்த ஒவ்வொரு தடவையும் துடைத்து வைத்தால் அவிக்கிற அசிங்கத்தைப் பாதியாகக் குறைக்கலாம். நான் துடைப்பதில்லை. சோம்பேறி.

என் ஊர் நிந்தவூர். கல்முனையில் குழாயும் வயரும் பல்ப்பும் விற்கிற கடையில் வேலை. வேலை முடிந்ததும் பாண்டிருப்புப் பெடியன்களின் இசைக்குழுவில் பேஸ் வாசிக்கிறேன். குழுவில் நான் மட்டும்தான் முஸ்லிம். கோயில் திருவிழா, கலியாண வீடு, விளையாட்டுக் கழக ஆண்டு விழா என்று எங்கே கூப்பிட்டாலும் போவோம். எங்கள் ஊரில் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்ள முடியாது. பேஸைப் பைக்குள் போட்டு முதுகில் மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நின்றால், தொழுதுவிட்டு வருகிறவர்கள் என்னை அல்ல, அந்தப் பையைத்தான் பார்ப்பார்கள்.

வீட்டிலும் சண்டை வந்தது. இரண்டு வருடத்துக்கு முன் என் மனைவியின் அண்ணன்மார், அவளுடைய காக்காமார் இருவரும் வந்து, "மச்சான், இந்தச் சாமான் இந்த ஊட்டுக்குள்ள இரிக்கப்படா" என்று முகத்துக்கு நேரே சொன்னார்கள். மனைவி அவர்களை வாசல் வரை கூட்டிக்கொண்டுபோய் என்னவோ கதைத்தாள். அதற்குப் பிறகு அவர்கள் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. பழகிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுச் சிக்கல் ஓய்ந்திருந்த நேரத்தில்தான் குழுவில் சிக்கல் வந்தது. குழுவை நடத்துகிற அண்ணன் ஒரு நாள் கடைக்கே வந்து, பல்ப் பார்ப்பது போல நின்றுகொண்டு தொடங்கினார்.

"தம்பி, கோவிக்காத. கீழ இருந்து பாக்கிற ஆக்கள் பேஸ் கேக்கல்ல எண்டு சொல்றாங்க."

"கேக்கல்லயா? எனக்குப் பின்னால ஸ்பீக்கர் பெட்டி அதிருது அண்ணன்."

"ஒனக்குக் கேக்கும். அவங்களுக்குக் கேக்கணுமே. கீபோர்ட்காரன் இடக்கையால அதையும் சேத்து அடிச்சிருவன் எண்டு சொல்றான். ஒண்ட பெட்டிக்கும் ஒனக்கும் வேனுல ரெண்டு சீட் போகுது. வாற கோயில் புரோகிராமுக்கு என்ட மச்சான் முன்னுக்கு இருந்து கேப்பான். கேட்டிச்செண்டா இரு. இல்லாட்டி, மறுகா பாப்பம்."

மறுகா என்றால் பிறகு. பிறகு பார்ப்போம் என்றால் இனி வராதே என்று அர்த்தம். ஆறு வருடமாக வாசித்தவனை ஒரு இடக்கை தூக்கி எறியப் பார்க்கிறது. அன்று முழுக்க எனக்கு எல்லாவற்றின் மேலும் அருவருப்பாக இருந்தது. வயர் வாங்க வந்த ஒருவரிடம்கூட எரிந்து விழுந்தேன்.

நிகழ்ச்சிக்கு இன்னும் இரண்டு வாரம் இருந்தது. தவறு என் சாமான்களில்தான் என்று நினைத்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தேன். பையின் சின்ன அறைக்குள் கையை விட்டேன். கரப்பான் முட்டைகள், அவற்றோடு ஏதோ கலியாண வீட்டில் கொடுத்த மஸ்கட் இனிப்புத் துண்டு ஒன்று, உரோமம் முளைத்து. கையை மூன்று தடவை சவர்க்காரம் போட்டுக் கழுவினேன். பேஸ் வைத்திருக்கிறவர்கள் பையில் தின்பண்டம் வைக்கவே கூடாது, இரண்டு பூச்சி உருண்டை போட்டு வைக்க வேண்டும். தோளில் மாட்டுகிற பட்டியை மோந்து பாருங்கள் என்று யாருக்கும் சொல்ல மாட்டேன். ரெக்சின் பட்டி வியர்வையை விடவே விடாது. சீலைப் பட்டி வாங்குங்கள், துவைக்கலாம்.

பெட்டியைத் திறந்தேன். உள்ளே ஒரு பல்லி காய்ந்து ஒட்டிக் கிடந்தது. சுரண்டி எடுத்தேன். மூன்று முள் பிளக்கில் நடு முள்ளைக் காணவில்லை. இது சவுண்ட்காரர்கள் செய்கிற வேலை. இரைச்சல் வருகிறது என்றால் எர்த் முள்ளைக் குறட்டால் கடித்து எறிந்துவிடுவார்கள். இரைச்சல் போய்விடும். பிறகு கம்பியைப் பிடித்துக்கொண்டு மைக்கில் வாய் வைக்கிறவனின் உதட்டில் கரண்ட் அடிக்கும். எனக்கு ஒரு தடவை அடித்தது; இரும்பை நக்கியது போல நாள் முழுக்க நாக்கில் ஒரு சுவை. வயர்க் கடையில் வேலை செய்கிறவன் இதைக் கவனிக்காமல் விட்டேன் என்பதை நினைக்க வெட்கமாக இருந்தது. புதுப் பிளக் போட்டேன். எர்த் உள்ள நீள வயர் ஒன்றும் டெஸ்டரும் எடுத்து வைத்தேன். நீங்களும் வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தவன் வயரை நம்பி மேடை ஏறாதீர்கள்.

கடைசியாக, கிட்டாரிலிருந்து பெட்டிக்குப் போகிற வயரை நானே ஈயம் வைத்து ஒட்டி, சாதாரணத்தைவிட மூன்று மடங்கு நீளத்தில் செய்தேன். மேடையை விட்டுக் கீழே இறங்கி, சனம் இருக்கிற இடத்தில் நின்று என் சத்தத்தை நானே கேட்க வேண்டும். ஆறு வருடத்தில் ஒரு தடவைகூட இதைச் செய்யவில்லை. எங்கள் ஊர்ப் பக்கம் சவுண்ட் பார்ப்பது என்றால், "ஹலோ, ஹலோ" என்று மைக்கில் இரண்டு தடவை ஊதுவார்கள். பிறகு என்னைப் பார்த்து, "காக்கா, ஒண்டு அடிங்க. ஆ, சரி" என்பார்கள். அவ்வளவுதான். எல்லாச் சத்தத்தையும் கலந்து அளவு பார்க்கிற மிக்சரைச் சவுண்ட்காரன் வைப்பதும் சத்தம் கேட்கிற இடத்தில் இல்லை, வயர் எட்டுகிற இடத்தில். பெரும்பாலும் மேடைக்குப் பக்கத்தில், ஏதாவது ஒரு மரத்தடியில்.

இரவு இரவாக வாசித்துப் பழகினேன். குசினியில் வேலை செய்துகொண்டே மனைவி என் பேஸை வாயால் முணுமுணுப்பாள். பாட்டை அல்ல, பேஸை. அவ்வளவு தூரம் அவள் காதில் ஏறியிருந்தது. நிகழ்ச்சிக்கு அவள் வருவதில்லை. யாராவது போனில் லைவ் போட்டால், காதில் வயரை மாட்டிக்கொண்டு வீட்டிலிருந்து கேட்பாள். என்னைப் பார்க்க முடியாது. பேஸ் வாசிக்கிறவனை எந்தக் கமராவும் திரும்பிப் பார்க்காது.

அந்தக் கோயில் நிகழ்ச்சி ஏழு மணிக்குத் தொடங்கியது. நாற்காலிகள் வந்திருந்தன, சனம் வரவில்லை. வழக்கம் போலக் காலி நாற்காலிகளுக்கு மூன்று பாட்டு வாசித்தோம். அண்ணனின் மச்சானையும் காணவில்லை. மேடை விரிப்பில் யாரோ கொட்டிய பிளேன்டீ காலில் பிசுபிசுத்தது. முன்பு எதற்கோ ஆட்டைக் கட்டி வைத்த விரிப்பாக இருக்க வேண்டும், வாடை அப்படி.

மூன்றாவது பாட்டு முடிகிற நேரம் பக்கத்து ஊர்ப் பள்ளிவாசலில் தொழுகைக்கு அழைக்கிற வாங்கு சொல்லத் தொடங்கியது. இங்கே வாங்கு சத்தம் கேட்டால் மேடை நின்றுவிடும். யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை, கோயில் என்றாலும் கலியாண வீடு என்றாலும் அதுதான் வழக்கம். எங்கள் குழுவில் கையைத் தூக்கிக் காட்டுகிறவன் நான். நான் கை காட்டியதும் சவுண்ட்காரன் மிக்சரில் ஆளுக்கொரு லைன் என்று மேலும் கீழும் தள்ளுகிற கட்டைகள் எல்லாவற்றையும் முழங்கையால் ஒரே இழுப்பில் கீழே இறக்கிவிடுவான். எல்லோரும் தலை குனிந்து நிற்பார்கள். நானும் குனிந்துதான் நிற்பேன். ஆனால் அந்த அமைதியில் கிட்டாரின் தலையில் மாட்டியிருக்கிற சின்னக் கருவியைப் பார்த்துச் சுருதி சரிசெய்துகொண்டிருப்பேன். அதைவிட நல்ல அமைதி மேடையில் கிடைக்காது. தொழுகையை நான் எப்போதும் வீட்டுக்குப் போய்த்தான் பார்ப்பேன், பார்த்தால்.

வாங்கு முடிந்து நான்காவது பாட்டுத் தொடங்கியபோது நாற்காலிகள் நிரம்பியிருந்தன. மச்சானும் முன் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் வாசித்துக்கொண்டே நீள வயரை இழுத்துக்கொண்டு கீழே இறங்கி, பெரிய ஸ்பீக்கர்களைத் தாண்டி நின்றேன்.

பாட்டுக் கேட்டது. கீபோர்ட் கேட்டது. என் பேஸ் இல்லை. நான் கம்பியை இழுக்கிறேன், விரல் வலிக்கிறது, கம்பியின் சலங்கைச் சத்தம் மட்டும் என் வயிற்றடியில் கேட்கிறது. ஸ்பீக்கரில் ஒன்றுமேயில்லை. மச்சான் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கினார்.

மிக்சர் மேடைக்குப் பக்கத்து வேப்பமரத்தடியில் இருந்தது. வாசித்துக்கொண்டே போய் எட்டிப் பார்த்தேன். எட்டுக் கட்டைகள் மேலே. ஒன்பதாவது கீழே கிடந்தது.

"இது என்ட லைன்தானே?" என்றேன்.

சவுண்ட்காரன் பார்த்தான். "ஓம் காக்கா."

"ஏன் கீழ கிடக்கு?"

"வாங்குக்கு எல்லாத்தையும் இறக்கினதுதானே. மறுகா தூக்கக்குள்ள ரெண்டு கையாலயும் ஒரேயடியாத் தூக்குவன். கட்ட விரல விட்டா எட்டு விரல்தானே காக்கா இரிக்கி." எட்டு விரல்களையும் விரித்துக் காட்டினான். ஒரு விரலில் வெற்றிலைச் சுண்ணாம்பு. "ஒங்கடத மறுகா தூக்குவம் எண்டு நினைக்கிற, மறந்திருவன்."

"எத்தின நாளா?"

"எப்பவும் இப்பிடித்தான். ஒருத்தரும் ஒண்டும் சொல்லல்லயே."

மேடையில் எனக்குப் பின்னால் அதிர்ந்த பெட்டி என்னை ஏமாற்றியிருக்கிறது. இந்த மிக்சர் அவனிடம் வந்து இரண்டு வருடம். இரண்டு வருடமாக நான் காலி நாற்காலிகளுக்கு மூன்று பாட்டு வாசித்துவிட்டு, சனம் வந்து உட்கார்ந்த பிறகு ஊமையாக நின்றிருக்கிறேன். வாங்குக்குக் கை காட்டி அதை ஒவ்வொரு தடவையும் தொடக்கி வைத்தவனும் நான்தான். அவனை அடிக்கலாம் போல இருந்தது. இரண்டு கையும் கிட்டாரில் இருந்ததால் தப்பினான். வாசிப்பை நிறுத்தாமல், வலது கையை ஒரு கணம் எடுத்து, அந்தக் கட்டையை நானே மேலே தள்ளினேன்.

நிலம் அதிர்ந்தது. மேடையில் நின்ற அண்ணன் திடுக்கிட்டுத் திரும்பினார். கோயில் நிர்வாகத்தில் ஒருவர் வேட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்து, "தம்பி, ஸ்பீக்கர் கிழிஞ்சிட்டுப் போல, பாருங்கோ" என்றார். மச்சான் மட்டும் கட்டியிருந்த கையை அவிழ்த்து, தொடையில் தாளம் போடத் தொடங்கினார். கடைசிப் பாட்டு வரை போட்டார்.

சாமான் ஏற்றும்போது அண்ணன் வந்து என் பெட்டியின் ஒரு பக்கத்தைப் பிடித்தார். ஆறு வருடத்தில் முதல் தடவை. "அடுத்த புரோகிராமுக்கும் வந்திரு, என்ன" என்றார். இனி வாங்கு முடிந்ததும் முதலில் ஒன்பதாவதைத் தூக்கச் சொல்லி சவுண்ட்காரனிடம் கட்டளையும் போட்டார்.

வீட்டுக்கு வரும்போது நெஞ்சுக்குள் அருவருப்பு எதுவும் இல்லை. மனைவி சாப்பாடு போட்டு வைத்திருந்தாள். காது வயர் இன்னும் அவள் கழுத்தில் தொங்கியது. அவள் முகம் சரியில்லை.

"லைவ் கேட்டியா?" என்றேன்.

"கேட்டன்."

"பேஸ் கேட்டிச்சா? வாங்குக்குப் பொறகும்?"

"கேட்டிச்சி. அதான் கேக்கிறன்." என் சோற்றுக் கோப்பையில் கறியை ஊற்றினாள். "இண்டைக்கு ஏன் தொழப் போகல்ல?"

எனக்கு விளங்கவில்லை. அவளே சொன்னாள்.

"ஒவ்வொரு புரோகிராமிலயும் வாங்கு சொன்ன ஒடன ஒங்கட பேஸ் நிண்டிரும், மறுகா வராது. கிட்டார வெச்சிட்டுப் பள்ளிக்குப் போயிருவீங்க எண்டு எனக்குத் தெரியும். காக்காமாரிட்டயும் அதத்தானே சொல்லி வெச்சிருக்கன். அதுக்குப் பொறகுதான் அவங்க வாய் மூடினாங்க. இண்டைக்கு அவங்களும் வந்து, காது வயர வாங்கி லைவ் கேட்டாங்க."

அத்தனை சனத்தில் ஒருத்தருக்கும் கேட்காமல் போன என் பேஸ், எந்த இடத்தில் நின்றது என்று இரண்டு வருடமும் சரியாகக் கேட்டுக்கொண்டிருந்த ஒரே ஆள் எனக்கு முன்னால் பதிலுக்காகக் காத்திருந்தாள்.

"மறந்திட்டன்" என்றேன்.