அயல்நாட்டு மாணவர் பிரிவில் மதாம் அனுசூயா

அனுசூயாவுக்கு அந்த வேலை கிடைத்ததே அவளுடைய பிரெஞ்சினால்தான். புதுச்சேரியில் கன்னியாஸ்திரீகள் நடத்திய பள்ளியில் படித்தவள். கணவர் ரகுநாதன் மொன்றியலில் சென்ட் லோரன்ட் பகுதியில் விமான உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் இன்ஜினியர். கனடாவுக்கு வந்து ஒரு வருடமாகியும் அவருக்கு ‘போன்ஜூர்’, ‘மெர்சி’ என்பதைத் தாண்டி ஒன்றும் வரவில்லை. அவளோ வந்த வாரமே பஸ் டிரைவரோடு சண்டை போட்டுவிட்டாள். 1969இல் டவுன்டவுனில் இருந்த பிரெஞ்சுப் பல்கலைக்கழகம் ஒன்றில், அயல்நாட்டு மாணவர் பிரிவில் குமாஸ்தாவாகச் சேர்ந்தாள்.

அவளுடைய ஜன்னலுக்கு அதிகம் வந்தவர்கள் சைகோனிலிருந்து உதவித்தொகையில் படிக்க வந்த வியட்நாமிய மாணவர்கள். எல்லாருக்கும் அவள் ‘மதாம்’. மருந்தியல் படித்த லியென் என்ற பெண் மட்டும் ஜன்னலோடு நிற்காமல் உள்ளே வந்து உட்காருவாள். அனுசூயாவின் எலுமிச்சை சாதத்தில் பாதி அவளுக்குத்தான் போகும்.

1971ஆம் வருட இலையுதிர்காலத்தில் அந்த மாணவர்கள் இரண்டாகப் பிரிந்தார்கள். லியென் உட்பட ஒரு கூட்டம் போரை எதிர்த்துப் பதாகை பிடித்துத் தெருவில் நடந்தது. மற்றவர்கள் அவர்களோடு ஒரே மேசையில் சாப்பிடுவதை நிறுத்தினார்கள்.

ஜனவரிக் கடைசியில் லியெனுக்கு சைகோன் அரசின் தூதரகத்திலிருந்து ஒரு கடிதம் வந்தது. பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்க முடியாது, உடனே நாடு திரும்ப வேண்டும் என்றிருந்தது. அவளோடு நடந்த வேறு மூவருக்கும் அதே கதி. திரும்பிப் போனால் பையன்களுக்கு ராணுவம் என்பது தெரிந்த விஷயம். பதாகை பிடித்த பெண்ணுக்கு என்ன நடக்கும் என்று யாரும் வாய் திறக்கவில்லை.

லியெனைக் கலங்கடித்தது கடிதத்தைவிட உறைதான். நவம்பரில் அவள் பழைய முகவரியை எழுதித்தான் பாஸ்போர்ட்டைத் தூதரகத்துக்கு அனுப்பியிருந்தாள். டிசம்பரில் ஜான்-டலோன் சந்தைப் பக்கம் அறை மாறினாள். கூட இருந்த தோழியைத் தவிர, அந்த முகவரி அனுசூயாவின் அலுவலகத்துக்கு மட்டுமே தெரியும். கடிதமோ நேராகப் புது அறைக்கு வந்திருந்தது.

அந்த வாரத்திலிருந்து மாணவர்கள் அனுசூயாவின் ஜன்னலைச் சுற்றிக்கொண்டு போனார்கள். அவள் லிப்டில் ஏறினால் பேச்சு அடங்கியது. லியென் ஒரு படிவத்தோடு வந்தாள். அனுசூயாவைக் கண்டதும் அதைப் பைக்குள் வைத்துக்கொண்டாள்.

“என்ன ஆச்சு லியென்?”

“உங்கள் மேசையில் சைகோன் தபால்தலையோடு ஒரு உறை இருந்ததே மதாம், அது யாரிடமிருந்து?”

“என் சித்தப்பா. அங்கே துணிக்கடையில் வேலை. புதுச்சேரிக்காரர்கள் நிறையப் பேர் அந்த ஊரில் இருக்கிறார்களே, உனக்குத் தெரியாதா?”

“தெரியும்” என்றாள் லியென். நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

வீட்டில் அனுசூயா ரகுநாதனிடம் சொல்லி அழுதாள். “அந்தப் பொண்ணு என்னைப் பாத்து பயப்படறா.”

அவர் கேட்டார்: “சித்தப்பாவுக்கு லெட்டர்ல ஏதாவது எழுதித் தொலைச்சியா?”

“நீங்களுமா?” என்றாள். ஆனால் அன்று முழுக்க அந்தக் கேள்வி அவளை விடவில்லை. எழுதியிருந்தாள். ‘உங்க ஊர்ப் பொண்ணு லியென்னு ஒருத்தி, கெட்டிக்காரி’ என்று ஒரு வரி. தன்னைத் தூக்கி வளர்த்த சித்தப்பாவையே சந்தேகப்பட ஆரம்பித்தாள். கடைக்கு வரும் அதிகாரிகளிடம் பேச்சுவாக்கில் உளறியிருப்பாரோ? அவருடைய அடுத்த கடிதத்துக்குப் பதில் போடவில்லை.

ஒரு நாள் மெட்ரோவில் வரும்போதுதான் கணக்குப் புரிந்தது. அவள் எழுதியது நவம்பரில். லியென் அறை மாறியது டிசம்பரில். சித்தப்பாவுக்குப் புது முகவரி தெரிந்திருக்க வழியே இல்லை. அப்படியானால் ஜனவரியில் அதைப் பார்த்தது யார்?

ஜனவரி முதல் வாரத்தில் வியட்நாமிய மாணவர் சங்கச் செயலாளர் துவான் வந்திருந்தான். அமைதியான பையன். வியட்நாமியப் புத்தாண்டுக்கு எல்லாருக்கும் வாழ்த்து அனுப்ப முகவரிகள் வேண்டும் என்றான். விதிப்படி கொடுக்கக் கூடாது. நல்ல காரியம்தானே என்று அவளே கார்பன் வைத்து ஒரு பிரதி அடித்து அவன் கையில் கொடுத்திருந்தாள்.

மறுநாள் லியெனின் வகுப்பு வாசலில் போய் நின்றாள்.

“பட்டியலைக் கொடுத்தது நான்தான் லியென். துவானிடம். புத்தாண்டு வாழ்த்துக்கு என்று கேட்டான்.”

லியென் வெளுத்துப் போனாள். “அவன்தான் அனுப்பினானா?”

“அது தெரியாது. நான் கொடுத்தேன் என்பது மட்டும் தெரியும்.”

லியென் வகுப்புக்குள் போய்விட்டாள். அனுசூயா நேரே பிரிவுத் தலைவரிடம் போய் நடந்ததை ஒப்புக்கொண்டாள். அவர் கத்தினார். ஆனாலும் நான்கு மாணவர்களும் கனடாவிலேயே தங்க விண்ணப்பித்தபோது, அவர்களுடைய முகவரி வெளியே போனது எங்கள் தவறு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். ஏழு மாதம் கழித்து அனுமதி கிடைத்தது. அனுசூயாவைப் பின்னறையில் கோப்பு அடுக்கும் வேலைக்கு மாற்றினார்கள். ஜன்னலுக்குத் திரும்ப அவளுக்கு இரண்டு வருடம் ஆயிற்று.

1975 ஏப்ரல் முடிவில் சைகோன் விழுந்தது. அந்த அரசு கொடுத்த பாஸ்போர்ட்டுகள் எல்லாம் ஒரே நாளில் வெறும் காகிதமாயின. கனடாவில் தங்க விண்ணப்பிக்க இரண்டு கூட்டத்து மாணவர்களும் ஒரே வரிசையில் வந்து நின்றார்கள். மேற்படிப்பிலிருந்த துவானும் நின்றான். கண் வீங்கியிருந்தது.

அவனுடைய படிவத்தைத் தட்டச்சு மெஷினில் ஏற்றிவிட்டு அனுசூயா கேட்டாள்: “அன்றைக்கு வாங்கிப் போன பட்டியலை யாரிடமாவது காட்டினாயா?”

“வாழ்த்து அனுப்பத்தான் வாங்கினேன், மதாம்.”

“நான் கேட்டது அதில்லை.”

அவன் தரையைப் பார்த்தான். “என் அண்ணன் அங்கே ராணுவத்தில் இருந்தான், மதாம். இப்போது எங்கே என்று தெரியாது.”

அது ஒப்புதலா, வேறு ஏதாவதா? அவளுக்கு விளங்கவில்லை. வரிசை நீண்டிருந்தது. பெயரையும் பிறந்த தேதியையும் அடித்தாள். முகவரிக் கட்டம் வந்ததும் தாளை உருவி அவன் பக்கம் நீட்டினாள். “இதை நீயே எழுதிக்கொள். நான் பார்க்கவில்லை.”

அடுத்த புத்தாண்டுக்கு லியென் அனுசூயாவையும் ரகுநாதனையும் சாப்பிடக் கூப்பிட்டாள். படிப்பு முடித்து ஒரு மருந்துத் தொழிற்சாலையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தாள். போனால், சுவரோரம் துவான் உட்கார்ந்திருந்தான். அண்ணனைப் பற்றி இன்னும் சேதி இல்லையாம். லியென் அவனுக்கும் பரிமாறினாள்.

சமையலறையில் பாத்திரம் கழுவும்போது அனுசூயா மெதுவாகக் கேட்டாள்: “அவனிடம் கேட்டாயா?”

“இல்லை, மதாம். ஆனால் அவன் வந்தால் என் பையை எடுத்து உள்ளறையில் வைத்துவிடுகிறேன்” என்றாள் லியென். “ரொம்ப நாள் நீங்கள் வந்தாலும் அப்படித்தான் செய்துகொண்டிருந்தேன்.”

அன்றைக்கு அந்தப் பை உள்ளே போனது அவனுக்காக மட்டுமா, தனக்காகவுமா என்று கேட்க அனுசூயாவுக்கு மனம் வரவில்லை. துண்டை எடுத்துத் தட்டுகளைத் துடைக்கத் தொடங்கினாள்.