துப்புக்கூலி கேட்க வந்தவர்

கொட்டகைக்குள் அப்பா, அம்மா, அண்ணன், நான் நாலு பேரும் இருந்தோம். வெளியே புளியமரத்தடியில் எங்கள் வண்டிக்குக் காவலாக யாரும் இல்லை. அண்ணன்தான் இருந்திருக்க வேண்டும். திரையில் குதிரைகள் பாய ஆரம்பித்ததும், "இதைப் பாக்காம அங்கென்னடா பண்றே, உள்ள வா" என்று அப்பாவே போய் அவனைக் கூட்டி வந்துவிட்டார்.

சோமனூர்ச் சந்தைத் திடலில் போட்ட கொட்டகை அது. ஓடியது அமெரிக்க மாட்டுக்காரர்களைப் பற்றிய ஊமைப் படம். கோயமுத்தூர்க் காலேஜில் புதிதாகச் சேர்ந்திருந்த நான், நடுநடுவே வந்த இங்கிலீஷ் எழுத்துகளைப் படித்துச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஒரு கொள்ளைக்காரன் மாட்டு மந்தையையே ஓட்டிப் போகிறான். நெஞ்சில் நட்சத்திரம் குத்திய போலீஸ்காரர் தன்னந்தனியாகத் துரத்திப் போய், கயிறு வீசி அவனைப் பிடிக்கிறார். "மாட்டைத் தொட்டவனை உடலாமா? நல்லா இறுக்கிக் கட்டுங்க!" என்று அம்மா திரையைப் பார்த்துச் சத்தம் போட்டாள்.

படம் விட்டு வந்தால் வண்டி மட்டும் நின்றது. சக்கரத்தில் அறுத்த கயிறு தொங்கியது. காளைகள் இரண்டையும் காணோம்.

அம்மா அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டாள். மழை பொய்த்த வருஷம். கிணற்றில் கவலை ஏற்றம் ஓட்டித் தண்ணீர் இறைக்க எங்களுக்கு இருந்தது அந்த ஒரு ஜோடிதான். இன்னும் நாலைந்து நாள் தண்ணீர் பாயாவிட்டால் பருத்தி முழுக்கக் கருகிவிடும்.

மறுநாள் காலை அப்பாவை ஸ்டேஷனுக்கு நான்தான் இழுத்துப் போனேன். இங்கிலீஷில் எழுதி எடுத்துப் போன மனுவை ஏட்டு மடித்து, என் சட்டைப் பையிலேயே திரும்ப வைத்தார்.

"தம்பி காலேஜுங்களா? கேஸ் எழுதினா மாடு பாலக்காடு போயிருமுங்க. அப்புறம் தோலுகூடத் திரும்பாது." அப்பாவிடம் திரும்பினார். "ஊட்டுக்குப் போங்க. ஆள் வரும்."

அப்பா ஆச்சரியப்படாமல் கும்பிட்டுவிட்டு நடந்தார். அதுதான் என்னை உலுக்கியது.

"ஏப்பா, அந்த ஆளை ஏட்டுக்குத் தெரியுமா?"

"தெரியாம இருக்குமா? பேசாம வா கண்ணு."

அன்று மாலையே ஆள் வந்தார். முகத்தை மறைத்துக் கட்டிய ஒருவனை நான் எதிர்பார்த்திருந்தேன். வந்தவருக்குச் சலவை வேட்டி, காதில் கடுக்கன். கட்டிலில் உட்கார வைத்து, சொம்பு நிறைய மோர் கொடுத்தாள் அம்மா.

"மாடுக நம்ம பக்கத்துல சுத்தறதாக் கேள்விங்க. நல்லா இருக்குதுங்க. வலத்து மாடுதான் தண்ணி குடிக்க மாட்டேங்குது. மனசுக்குச் சங்கட்டமா இருக்குதுங்க."

"அது புண்ணாக்குக் கரைச்சு வெச்சாத்தான் குடிக்குமுங்க" என்றார் அப்பா.

"அப்படியே வெக்கச் சொல்லீர்றனுங்க."

"எங்க கட்டி வெச்சிருக்கீங்க? போலீசைக் கூட்டிட்டு வாரேன்!" என்று கத்திவிட்டேன். அவருக்குக் கோபமே வரவில்லை.

"பையன் படிக்கறானுங்க. மனசுல வெச்சுக்காதீங்க" என்றார் அப்பா.

"படிக்கட்டுங்க. நம்ம பையனும் பீளமேட்டுல படிக்கறானுங்க."

பிறகு விஷயத்துக்கு வந்தார். மாடு இருக்கும் இடத்தைச் சொல்வதற்குத் துப்புக்கூலி அறுபதாம். தனக்கு ஒன்றும் வேண்டாமாம், துப்புச் சொல்கிற ஆளுக்குத்தானாம். அப்பா முப்பதில் ஆரம்பித்தார். சந்தையில் மாடு பிடிக்கிறவர்கள் போலவே இருவரும் துண்டுக்கடியில் விரல் பிடித்து விலை பேசினார்கள். எங்கள் காளைகளுக்கு!

"ஏட்டய்யாவுக்குத் தனியாப் பாத்துருங்க" என்று வந்தவர் எழுந்தார்.

மறுநாள் விடிந்ததும் அவர் சொன்ன ஓடைப் பள்ளத்தில், வேலமரத்தில், காளைகள் கட்டியிருந்தன. பக்கத்தில் புண்ணாக்குக் கரைத்த தொட்டி. மத்தியானமே கவலை ஓடியது, பருத்தி பிழைத்தது. துப்புக்கூலி நாற்பது, நட்சத்திரம் குத்தாத எங்கள் ஏட்டுக்கு ஐந்து. ஆக நாற்பத்தைந்து ரூபாய்.